சன்னலுக்கு வெளியே நின்றவர்கள்



போன மாதம் ஒரகடத்தில், வாடகை அறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக ஒரு கூட்டம் நடத்தினோம். இ.எஸ்.ஐ., பி.எஃப். பற்றி நாங்களே எடுத்த வீடியோ ஒன்றை, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டினோம். வாசலில் நின்ற ஓர் இளைஞர் மட்டும் அதைப் பார்க்காமல் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கோபம். "தம்பி, அதைக் கொஞ்சம் உள்ள வைப்பா" என்றோம். அவருக்குப் புரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் அரைகுறை இந்தியில் பேசிப் பார்த்தோம். ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டம் என்றார். போனில் ஓடியது அவர்கள் பக்கத்துப் பாட்டும் ஆட்டமும். போனைப் பிடித்திருந்த கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. பிரஸ் மிஷினில் போனதாம். ஒப்பந்தக்காரர் கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்து விஷயத்தை முடித்துவிட்டார். இ.எஸ்.ஐ. என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. அதைத்தான் நாங்கள் அரை மணி நேரமாகத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தோம்.

அவர் நின்ற இடம் எங்களுக்குப் பழகிய இடம். அதனால்தான் வலித்தது.

நாங்கள் இதே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் காலனிகளில் வளர்ந்தவர்கள். எங்கள் சிறுவயதில் பஞ்சாயத்து டிவி ஊருக்குள் இருந்தது, காலனியில் இல்லை. அறைச் சாவி ஊர்க்காரர் ஒருவரின் இடுப்பில். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்க ஓடுவோம். ஊர்ப் பிள்ளைகள் உள்ளே பாய் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்போம். "டேய், மறைக்காத, தள்ளி நில்லு" என்று குரல் வரும்.

தொலைக்காட்சியில் தமிழ் இடம் பிடித்த கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1982 ஆகஸ்ட் 15 முதல் டெல்லியிலிருந்து 'தேசிய நிகழ்ச்சி' வந்து, இரவு நேரத்தை இந்தியும் ஆங்கிலமும் எடுத்துக்கொண்டன. கோடிக்கணக்கானவர்கள் பேசும் தமிழ், அங்கே ஒரு 'பிராந்திய மொழி'. பிறகு 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. நாள் முழுவதும் தமிழ் கேட்கும் காலமும் வந்தது. இந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தமிழ் யாரோடு பேசியது?

தூர்தர்ஷனில் 'வயலும் வாழ்வும்' போகும். எந்த விதை, எந்த உரம், எந்தப் பூச்சிமருந்து என்று விளக்குவார்கள். எங்கள் ஆயா ஒருமுறை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வயலு அவங்களுது. குனிஞ்சு நடுறது மட்டும் நாம. நமக்கு எதுக்குடா இத்த சொல்றான்?" நிலமற்ற எங்கள் மக்களைப் பற்றிச் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்த மண் இது. நூறு வருடம் கழித்தும் ஆயாவின் கேள்விக்குப் பதில் இல்லை. நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கு என்ன கூலி வர வேண்டும் என்று அந்தப் பெட்டி சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது என்பது சமூகவியல் படிக்கப் போனபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்ற கிராமத்தில், 1975-இல் இஸ்ரோ ஒரு சின்ன ஒளிபரப்பு நிலையம் வைத்தது. கிராம மக்களையே சேர்த்துக்கொண்டு, அவர்கள் பேசும் வழக்கிலேயே, தீண்டாமையையும் கூலிச் சுரண்டலையும் பற்றி நிகழ்ச்சி எடுத்தார்கள். யுனெஸ்கோ விருதுகூடக் கிடைத்தது. ஆனாலும் எண்பதுகளின் நடுவில் அதை மூடிவிட்டார்கள்.

அதே 1975-இல் 'சைட்' என்ற செயற்கைக்கோள் சோதனை மூலம் 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு, இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் என்று 4 மொழிகளில் டிவி போனது. தமிழ்நாடு அதில் இல்லை, ஒடிசா இருந்தது. இன்று 'இந்திக்காரன்' என்று இங்கே அலட்சியமாக அழைக்கப்படுகிறவர்களின் தாத்தா பாட்டிகளில் சிலர், நம் தாத்தா பாட்டிகளுக்கு முன்பே செயற்கைக்கோள் டிவி பார்த்தவர்கள்.

எங்கள் காலனிக்கு டிவி தாமதமாகத்தான் வந்தது. "அங்க வசூல் ஆகாது" என்று கேபிள்காரர் ஊர்த் தெருவோடு வயரை நிறுத்தியிருந்தார். 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்க ஆரம்பித்தபிறகு வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது. இலவசம் என்று கேலி செய்தவர்கள் யாரும் சன்னல் கம்பியைப் பிடித்து நின்றவர்கள் இல்லை. அதற்குள் வயலெல்லாம் சிப்காட் ஆகிக்கொண்டிருந்தது. எங்கள் காலனியிலும் சிலர் ஷீட் போட்டு அறை கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

அந்த இளைஞரை மறுபடி போய்ப் பார்த்தோம். "ஒடியா சேனல் பார்ப்பீங்களா?" என்று கேட்டோம். சிரித்தார். டிவியில் வருவது கடற்கரைப் பக்கத்து ஒடியா, எங்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி, அதைக் கேட்டால் கட்டக் பக்கத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள் என்றார். செய்தி வாசிப்பவரின் தமிழைக் கேட்டுவிட்டு, எங்கள் 'இன்னா'வைப் பள்ளிக்கூடத்தில் மறைத்துப் பேசியது எங்களுக்கு நினைவு வந்தது. பிறகு அவர் ஒன்று கேட்டார்: "இந்தத் தெரு உங்க ஊர்ல எந்தப் பக்கம்? கோயில் பக்கமா, வெளிப் பக்கமா?" வெளிப் பக்கம்தான் என்றோம். அதற்குமேல் அவரும் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது ஒரு புது வீடியோ இருக்கிறது. 4 நிமிடம், சம்பல்புரியில், அவர் குரலில். கேமராவை நாங்கள் பிடிக்கப் போனோம், அவருடைய அறைத்தோழர் கேட்டு வாங்கிக்கொண்டார். வெட்டுப்பட்ட விரலைக் காட்டி, வேலையில் உறுப்பு இழந்தால் இ.எஸ்.ஐ. மூலம் மாதாமாதம் உதவித்தொகை கேட்கச் சட்டத்தில் வழி உண்டு என்று அவரே சொல்கிறார். வாட்ஸ்அப்பில் அறை அறையாகப் போகிறது. அவருடைய மனுவையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. விடாமல் அலைந்துகொண்டிருக்கிறோம்.

இந்தித் திணிப்பை எதிர்ப்பது நம் உரிமை, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் தெருவில் குடியிருக்கும் தொழிலாளிக்கு நாமே 'ஊர்' ஆகிவிடக் கூடாது. அடுத்த கூட்டத்துக்குத் துண்டறிக்கை அடிக்கும் முன், வரப்போகிறவர்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று போய்க் கேளுங்கள், தோழர்களே. நாங்கள் அதைக் கேட்காமல் போனதால்தான் அன்று ஒருவர் வாசலிலேயே நின்றார்.

ஜெய்பீம்.