‘இன்னும்’ என்ற சொல்லும் எங்கட டபிள்யூவும்

முதல் சனிக்கிழமை போகும்போது நாங்கள் ஒரு பிரிஸ்டல் போர்ட் கொண்டு போனோம். மேலே கொட்டை எழுத்தில் ‘மீள்தன்மை’, அதற்குக் கீழே ‘வளர்ச்சி மனப்பாங்கு’, ஓரத்தில் வேரோடு ஒரு மரம். மரம் எதற்கு என்று இப்போது கேட்டால் எங்களுக்கே தெரியாது. இந்த மாதிரி விஷயங்களுக்கு மரம் கீறுவதுதான் வழக்கம் என்று நினைத்திருப்போம்.

தீவகத்தில் ஒரு ஊர் வாசிகசாலை அது. எங்களைக் கூப்பிட்டவர்கள் இரண்டு விஷயம் கேட்டார்கள். ஓ.எல் எழுதப்போகிற பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கவேணும். கூடவே, தோல்வி வந்தால் துவண்டு போகாமல் இருக்க ரெண்டு வார்த்தை சொல்லவேணும். நாங்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் கலைப்பீடம். கணிதம் என்றவுடன் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஓ.எல் கணிதம்தானே, சமாளிக்கலாம் என்று ஓம்பட்டுவிட்டோம்.

பதினான்கு பேர் வந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு பெடியன் போர்ட்டை வாசித்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, உந்த மீள்தன்மைக் கூட்டத்துக்கு அம்மா ஏற்கெனவே போயிட்டா. ரோல்சும் சோடாவும் குடுத்தவை.”

எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் பிந்தி. அவன் சொன்னது சரி. அந்தச் சொல் நிறுவனங்களின் செயலமர்வுகளோடும் அறிக்கைகளோடும்தான் எங்கள் ஊர்களுக்குள் வந்தது. சுனாமி, யுத்தம், இடப்பெயர்வு எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்து, நீங்கள் தாங்கவேணும் என்று தாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கே சொன்ன சொல். அந்தப் பெடியன் விடியப்புறம் நாலு மணிக்குத் தகப்பனோடு நண்டு வலை எடுக்கப் போகிறவன். வலையில் இருந்து நண்டைக் கழற்றிக் கொடுத்து முடித்துவிட்டு எட்டரைக்கு வகுப்புக்கு வருவான். ஒன்பதே காலுக்கு மேசையில் தலை சாய்ந்துவிடும். நாங்கள் அவனைத் தட்டி எழுப்பி, முயற்சி இருந்தால் எதுவும் முடியும் என்று சொல்லியிருக்கிறோம். உண்மையாகவே சொல்லியிருக்கிறோம். இதை எழுதும்போது கூசுகிறது.

அடுத்தது ‘இன்னும்’. வளர்ச்சி மனப்பாங்கு என்ற கருத்தைப் பரவலாக்கியவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கரோல் டுவெக். 2006 இல் வந்த ‘மைண்ட்செட்’ என்ற புத்தகம் அவருடையது. அறிவு என்பது பிறக்கும்போதே அளந்து தந்தது என்று நம்புகிற பிள்ளை கஷ்டமான கணக்கைக் கண்டால் விலகப் பார்க்கும், ஏனென்றால் பிழைத்தால் தன்னுடைய அளவு வெளியே தெரிந்துவிடும். அது வளரக்கூடியது என்று நம்புகிற பிள்ளைக்கு அந்தப் பயம் குறைவு. ஓர் உரையில் அவர் சிக்காகோவில் உள்ள ஒரு பாடசாலையைப் பற்றிச் சொல்வார். அங்கே ஒரு பாடத்தில் சித்தியடையாவிட்டால் ‘சித்தியில்லை’ என்று போடாமல் ‘இன்னும் இல்லை’ என்று போடுவார்களாம். எங்களுக்கு இது நல்லாப் பிடித்துவிட்டது. “எனக்குக் கணக்கு வராது எண்டு சொல்லாதேங்கோ, எனக்குக் கணக்கு இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ” என்றோம்.

முன்வரிசையில் இருந்த பிள்ளை உடனே கேட்டாள்: “வீட்டிலயும் உதைத்தானே அக்கா சொல்லுறவை? இன்னும் எழும்பேல்லையோ, இன்னும் படிக்கேல்லையோ, இன்னும் உந்தக் கணக்கு விளங்கேல்லையோ எண்டு.”

ஆங்கிலத்தில் நம்பிக்கை தருகிற அந்தச் சின்னச் சொல், தமிழில் எங்கள் எல்லார் வீட்டிலும் ஏச்சுக்கு எடுக்கிற சொல். ஐந்து பேர் இருந்து மொழிபெயர்த்தும் இது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அன்றோடு பிரிஸ்டல் போர்ட் அலுமாரிக்குப் பின்னால் போனது.

அந்த முன்வரிசைப் பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. கணக்கைப் போட்டு முடிக்க முதல் விடை சொல்லுவாள். நாங்கள் வாய்க்கு வாய் “கெட்டிக்காரி” என்றோம். எங்கட ஊரில் ஒரு பிள்ளையைப் பாராட்ட வேறு சொல்லும் எங்களுக்குத் தெரியாது. கெட்டிக்காரன், கெட்டிக்காரி, இல்லாவிட்டால் மொக்கு. இந்த இரண்டு பெட்டிக்குள்ளும் பிள்ளைகளைப் பிரிக்கிற வேலை ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலோடு பத்து வயதிலேயே முடிந்துவிடுகிறது. வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படம் பாடசாலை வாசலில் பதாகையில் தொங்கும். மற்றவர்கள் அதற்குக் கீழால் நடந்து உள்ளே போகவேணும். அது பாஸ், ஃபெயில் சோதனையே இல்லை, உதவிப்பணத்துக்கும் பாடசாலை அனுமதிக்கும் ஆள் தெரிகிற சோதனை. ஆனாலும் எங்கள் வகுப்பில் பதினாறு வயதுப் பிள்ளைகள், “நான் ஸ்கொலசிப் ஃபெயில் அண்ணா” என்றுதான் தங்களை அறிமுகப்படுத்தினார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகும்.

ஒருநாள் அவள் கேட்டாள்: “அக்கா, நீங்கள் எல்லாரும் ஓ.எல்லில கணக்குக்கு என்ன ரிசல்ட்?”

எங்களில் ஒருத்திக்கு முதல்தரம் டபிள்யூ. இரண்டாம் தரம் எழுதித்தான் எஸ் எடுத்தவள். இன்னொருவனுக்கும் எஸ், அதுவும் மயிரிழையில். ஆனால் அந்தக் கேள்வி வந்தபோது ஐந்து வாயில் இருந்தும் ஒரே மாதிரி வந்தது: “நல்லாத்தான் செய்தனாங்கள்.” யாரும் யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கொஞ்சம் கஷ்டமான ஒரு கடந்தகால வினாத்தாள் கொடுத்தோம். எல்லாரும் திணறினார்கள். அவள் மட்டும் முழுதும் சரி. செய்கை பார்த்தால், புள்ளியிடும் திட்டத்தில் இருக்கிற அதே வரிகள், அதே ஒழுங்கு. எங்கேயோ எடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். நாங்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டோம். நல்ல பிள்ளையெண்டு நினைச்சம், உன்னட்ட இதை எதிர்பார்க்கேல்லை என்றெல்லாம் சொன்னோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை.

எங்களில் ஒருவன் உளவியல் படிக்கிறவன். அவன்தான் டுவெக்கின் பழைய ஆய்வு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். 1998 இல் குளோடியா முல்லரோடு சேர்ந்து டுவெக் வெளியிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு தொகுதி புதிர்கள் கொடுக்கிறார்கள். செய்து முடித்ததும் ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் “நீ கெட்டிக்காரப் பிள்ளை” என்றும் இன்னொரு பகுதியிடம் “நல்லாப் பாடுபட்டிருக்கிறாய்” என்றும் சொல்கிறார்கள். அவ்வளவுதான், ஒரே ஒரு வசனம். பிறகு கஷ்டமான புதிர்கள் கொடுத்துச் சறுக்க விடுகிறார்கள். அதற்குப் பிறகு முதல் மாதிரியே ஒரு தொகுதி கொடுத்தால், கெட்டிக்காரப் பிள்ளை என்று கேட்டவர்கள் முன்பு செய்ததைவிடக் குறைவாகச் செய்கிறார்கள். பாடுபட்டாய் என்று கேட்டவர்கள் கூடச் செய்கிறார்கள். எங்களைப் பிடித்து நிறுத்தியது கடைசிப் பகுதி. முகம் தெரியாத வேறு பாடசாலைப் பிள்ளைகளுக்காகத் தங்கட புள்ளியை எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரப் பிள்ளை என்று பாராட்டப்பட்டவர்களில் பத்தில் நாலு பேருக்குக் கிட்ட அதைக் கூட்டி எழுதினார்கள்.

அவளைப் பற்றித்தான் அவன் சொல்ல வந்தான். எங்கட பாராட்டுத்தான் அவளைப் பார்த்தெழுத வைத்தது என்று. ஆனால் வாசித்து முடிய அறையில் ஒரு அமைதி வந்தது. புள்ளியைக் கூட்டிச் சொன்னது அவள் மட்டுமா?

அந்த ஞாயிறு இரண்டு பேர் அவளின் வீட்டுக்குப் போனோம். தாய் தேத்தண்ணி ஊற்றப் போன இடைவெளியில், டபிள்யூ எடுத்தவள் சொன்னாள்: “தங்கச்சி, நான் முதல்தரம் ஃபெயில். அண்டைக்குப் பொய் சொன்னனான்.” பிள்ளை கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப என்னை ஏன் பேசினீங்கள்?” என்றாள். அதற்கு இன்றைக்கும் எங்களிடம் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது என்று மட்டும் சொன்னோம். அவளுக்கும் வெட்கம்தான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்த கிழமை வகுப்பில் அந்த டபிள்யூக் கதை முழுதாகச் சொல்லப்பட்டது. பெறுபேறு வந்த அன்று மாமி எடுத்த ஃபோன் கோல், ரியூசன் சேர் வீதியில் கண்டும் காணாத மாதிரிப் போனது, இரண்டாம் தரம் எழுதும்போது தன்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு மண்டபத்தில் இருந்தது. மூன்று மாதம் பின்னங்களை மட்டும் செய்தாளாம், ஏனென்றால் அதுதான் ஆறாம் ஆண்டிலேயே விட்டுப்போன இடம். பிள்ளைகள் இவ்வளவு கவனமாக நாங்கள் சொன்ன எதையும் கேட்டதில்லை. நண்டுக்காரப் பெடியன்கூட முழித்திருந்தான். முன்வரிசைப் பிள்ளை வந்திருந்தாள், பின்வரிசையில்.

அதற்குப் பிறகுதான் கணக்கு ஏறத் தொடங்கியது. சும்மா சொல்லவில்லை, எப்படி என்று சொல்கிறோம். சய 3 இல் இருந்து 5 ஐக் கழித்தால் என்ன என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் “சக 8” என்பார்கள். முன்பு பிழை என்று வெட்டிவிட்டுச் சரியான விடையை எழுதுவோம். இப்போது எப்படி வந்தது என்று கேட்டோம். “சயவும் சயவும் சகதானே அண்ணா” என்றான் நண்டுக்காரன். அது மொக்குத்தனம் இல்லை. பெருக்கலுக்குரிய விதியைக் கொண்டுவந்து இங்கே போடுகிறான். அவனிடம் ஒரு விதி இருக்கிறது, அது இருக்கவேண்டிய இடம்தான் வேறு. “கடைக் கொப்பியில 300 ரூபா கடன். இண்டைக்கு இன்னும் 500 ரூபாவுக்குக் கடனாச் சாமான் எடுக்கிறாய். இப்ப கடைக்காரர் உனக்குத் தரவேணுமோ, நீ குடுக்கவேணுமோ?” சிரித்துக்கொண்டே “சய 800” என்றான். (அந்த ‘இன்னும்’ மட்டும் எல்லாருக்கும் நல்லா விளங்கியது.)

திசைகொண்ட எண்கள், பின்னம், சின்னச் சமன்பாடுகள். கிண்டிப் பார்த்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஓட்டை ஏறத்தாழ ஒரே இடத்தில். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது இவர்கள் ஆறாம் ஏழாம் ஆண்டு. சூம் வகுப்புக்கு வீட்டில் ஃபோன் இல்லை, இருந்தால் டேட்டா இல்லை. 2022 இல் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் விட்டுப்போனதை ஒருவரும் திரும்பப் படிப்பிக்கவில்லை, பாடத்திட்டம் அதன்பாட்டில் அட்சரகணிதத்துக்குப் போய்விட்டது. இந்தப் பிள்ளைக்கு உன் மனப்பாங்கை மாற்று என்று சொன்னால் என்ன அர்த்தம்? விட்டுப்போன பாடத்தைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டியது எங்களைப் போன்ற பெரியவர்கள். முயற்சியை மட்டும் புகழ்ந்துகொண்டிருப்பது வளர்ச்சி மனப்பாங்கு ஆகாது என்று டுவெக்கே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

இந்தக் கருத்தைச் சந்தேகிக்கிறவர்களும் இருக்கிறார்கள், காரணத்தோடுதான். 2018 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மொத்தத்தில் விளைவு மிகச் சிறியது என்று கண்டார்கள். 2019 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்த அமெரிக்க ஆய்வு கிட்டத்தட்ட 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்துச் செய்தது. புள்ளி குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஏற்றம் கிடைத்தது. அந்த ஏற்றமும், கஷ்டமானதைத் தொட்டுப் பார்ப்பதைச் சக மாணவர்கள் நக்கலடிக்காத பாடசாலைகளில்தான் நல்லாத் தெரிந்தது. எங்களுக்கு இது புதினமாக இல்லை. ஒரு வாசிகசாலை அறைக்குள் நாங்கள் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

போன ஓ.எல் பெறுபேறு வந்த அன்று முன்வரிசைப் பிள்ளை மெசேஜ் போட்டாள். கணிதம் பி. ஏ வரும் என்று ஊரே சொன்ன பிள்ளை. “பி தான் அக்கா, ஆனா முழுக்க நானே செய்தது” என்று எழுதியிருந்தாள்.

நண்டுக்காரன் பின்னேரம்தான் ஃபோன் எடுத்தான். “அண்ணா, டபிள்யூ.”

எங்களில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. ‘இன்னும்’ என்று சொல்ல நா எழும்பவில்லை. அவள்தான் ஃபோனை வாங்கினாள். “எனக்கும் உதுதானே வந்தது. அழுதியா?”

“இல்லையக்கா. விடிய வலைக்குப் போகவேணும். சனிக்கிழமை வகுப்பு இருக்கோ?”

“இருக்கு. எட்டரைக்கு.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, “ஒன்பதரையாக்க ஏலாதோ அக்கா? வந்து குளிச்சுச் சாப்பிட்டு ஒரு கண் நித்திரை கொண்டிட்டு வருவன்” என்றான்.

ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த வகுப்பு எட்டரைக்குத்தான் தொடங்கிக்கொண்டிருந்தது. நேரத்தை மாற்றலாம் என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இப்போது ஒன்பதரை.