கண்ணுக்குத் தெரியாத தூசு

கண்டியின் அழகைப் பேசுவோர் அதைச் சூழ்ந்து நிற்கும் மலைகளைத்தான் முதலில் சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானைக்கும் பஹிரவகந்தைக்கும் இடையே கிண்ணம் போலக் கிடக்கும் நகரம் அது. அந்தக் கிண்ணத்துக்கு ஒரு மூடியும் உண்டு என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. காற்று அசையாத குளிர்ந்த காலைகளில் வெப்பமான காற்றுப் படையொன்று மேலே மூடியாகி நிற்க, பஸ்கள் கக்கும் புகை கீழேயே தங்கிவிடுகிறது. கண்டி சிறிய நகரமாயினும் அதன் காற்று கொழும்பின் காற்றை விட மோசமானது என்று பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓ. ஏ. இலேபெரும எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

என் வாப்பா முப்பது வருடங்களுக்கு மேல் கண்டியில் வீதியோரப் புடவைக்கடையொன்றில் நின்றவர். பீடி, சிகரெட் தொட்டறியாதவர். இரவு பஸ்ஸில் அக்குறணைப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு வந்து முகம் துடைத்தால் துவாய் கறுத்துப் போகும். உம்மா அதைத் தனியாக ஊறப்போடுவா. அறுபதைத் தாண்டுமுன் மாரடைப்பில் வாப்பா மௌத்தானார்.

அதற்குப் புகைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தனியொரு மனிதரைக் காட்டி எந்த வைத்தியராலும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. தூசு தன் கணக்கை ஆயிரக்கணக்கானோரிடையேதான் காட்டுகிறது. ஆறு அமெரிக்க நகரங்களில் எண்ணாயிரத்துக்கும் அதிகமானோரை 14 முதல் 16 வருடங்கள் அவதானித்த ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 1993இல் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். வயது, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பின்னரும், தூசு மிகுந்த நகரின் மரண வீதம் தூசு குறைந்த நகரை விட 26 சதவீதம் கூடியிருந்தது.

துவாயில் படிந்த கரியாவது கண்ணுக்குத் தெரிந்தது. 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட துணிக்கைகளோ தலைமயிரின் தடிப்பில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் ஆழத்துக்குச் சென்று அழற்சியை உண்டாக்கி, இரத்தக் குழாய்களையும் கெடுக்கின்றன. எனவே இருமலாக மட்டுமன்றி, மாரடைப்பாகவும் பாரிசவாதமாகவும் வருத்தம் வந்து சேர்கிறது. இத்துணிக்கைகளுக்கு இலங்கை 2008இல் வகுத்த எல்லை, ஆண்டுச் சராசரியாகக் கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் எல்லையை 5 ஆக்கியது.

2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசினால் நாட்டின் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. வானமே மங்கியிருந்ததால் அன்று எல்லோரும் பயந்தோம். மங்கல் விலகியதும் பேச்சும் அடங்கிவிட்டது. மனம் வைத்தால் மாற்றம் வராமலில்லை. ஈயம் கலந்த பெற்றோலை 2002இல் இந்த நாடு கைவிட்டதே!

எங்கள் பாடசாலை வாசலில் வேன்கள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். ஆறாம் தரப் பிள்ளையொன்று தொய்வுக்குப் பம்புடன் வருவதால் சாரதிகளிடம் பேசினேன்.

“பத்து நிமிஷத்தில என்ன சேர் ஆகப் போகுது?” என்றார் ஒருவர்.

வருடத்துக்குப் பாடசாலை நாட்கள் சுமார் 200. பத்து நிமிடப்படி பெருக்கினால் 33 மணித்தியாலங்களுக்கு மேல். பதினொரு வருடங்கள் படிக்கும் பிள்ளைக்கு அது பதினைந்து முழு நாட்கள். கணக்கைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மூன்று வேன்கள் எஞ்சினை அணைத்திருந்தன. நான்காவது வேனின் சாரதியோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.