உஷ்... பெட்டி தூங்குது!

எங்கள் வீட்டு ஹாலில் ராத்திரி பூராவும் ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. 'சட்னி எங்கே?' என்று கேட்காதீர்கள். அது என் கம்ப்யூட்டர்!

2009-ல் வாங்கியது. கோர் 2 டியோ ஜாதி. சேலத்திலிருந்து மஞ்சவாடி கணவாய் வழியாக, பஸ்ஸில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு அரூருக்குக் கொண்டுவந்தேன். பகலில் நாலு கடைக் கணக்கு, ராத்திரியில் கட்டுரை... எல்லாம் அதில்தான். 'புதுசு வாங்கலாமே?' என்கிறீர்களா? எனக்கு வரும் சன்மானத்தை நீங்கள் பார்த்ததில்லை!

போன சித்திரை வெயிலில் சத்தம் உச்சத்துக்குப் போய்விட்டது. "ஏங்க, ஏரோப்ளேன் எப்ப கிளம்பும்? நானும் ஏறிக்கறேன்" என்றாள் மனைவி. பக்கத்து அறையில் படுத்திருக்கும் அப்பா மட்டும் வாயே திறக்கவில்லை.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். அந்த சிப் முழு வேகத்தில் 65 வாட் வரை கரண்ட் சாப்பிடும். சாப்பிட்டதை அப்படியே சூடாக வெளியே தள்ளும். வரவும் செலவும் பைசா சுத்தமாக டேலி ஆகும் ஒரே பேலன்ஸ் ஷீட்! இதற்கு முந்தைய பென்டியம் 4 இன்னும் மோசம், சில மாடல்கள் 100 வாட்டைத் தாண்டின. இன்டெல் கம்பெனியே 2004-ல், 4 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் கொண்டுவரும் திட்டத்தைக் கைவிட்டது. அந்தச் சூட்டை வெளியே விரட்டத்தான் ஃபேன். சூடு ஏற ஏற ஃபேன் வேகமாகச் சுற்றும், சத்தமும் ஏறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய்த் திறந்தேன். உள்ளே ஒரு தலையணைக்கான பஞ்சு! அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் தூசு. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே தடவியிருந்த பேஸ்ட், காய்ந்த சுண்ணாம்பாகியிருந்தது. கடைத்தெரு ரிப்பேர்க்காரத் தம்பி புதுப் பேஸ்ட்டைக் கடுகளவு வைத்தார்.

"அண்ணா, பின்னாடி இருக்கற குட்டி ஃபேனைத் தூக்கிட்டுப் பெருசா போடுங்க. மெதுவாச் சுத்தினாலே போதும்."

பனையோலை விசிறிக் கதைதான். சின்ன விசிறியைப் படபடவென்று அடிப்பதைவிடப் பெரிசை நிதானமாக வீசினால் காற்றும் வரும், கையும் வலிக்காது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையுமாம். பெட்டிக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன், அதிர்வும் நின்றது. மேஜைக்கு அடியில் மூச்சு முட்டிக் கிடந்ததைச் சுவரைவிட்டு ஒரு ஜாண் தள்ளி வைத்தேன். 78 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது 56-க்கு இறங்கியது. செலவு ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை!

அன்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன். அப்படி ஒரு நிசப்தம். சுவர்க் கடிகாரம்கூடக் கேட்டது.

அப்புறம்... இன்னொன்றும் கேட்டது.

அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். விசில் மாதிரி ஓர் இழுப்பு. ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாப்பா இப்படி?"

"பொங்கல்லேர்ந்து இருக்குது."

"என்னைக் கூப்பிடக் கூடாதா?"

"ரெண்டு மூணு தடவை கூப்பிட்டேன்டா. உன் மெஷின் சத்தத்துல கேக்கல போல. சரி, வேலையா இருக்கறேன்னு விட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆஸ்துமா. "தூசு ஆகாது. அறையைச் சுத்தமா வெச்சுக்குங்க" என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டரைத் துடைத்த நான், அப்பாவின் அறையில் ஒட்டடை அடித்து எத்தனை மாசம் ஆச்சு என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு டேலி ஆகவில்லை.

இப்போது பெட்டி சத்தம் போடுவதில்லை. அப்பாதான் போடுகிறார். குறட்டை! அது சீராகக் கேட்டால்தான் எனக்கு எழுத்தே ஓடுகிறது.