டிரையரின் பின்பக்கம்

தை முகூர்த்தம் என்றால் விடியும் முன்பே மணப்பெண்ணுக்குத் தலைக்கு ஊற்றிவிடுவார்கள். கீழே கள்ளக்குறிச்சியில் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தால் கூந்தல் காய்ந்துவிடும். இங்கே வெள்ளிமலையில், கல்வராயன் மலைப் பனியில், இடுப்பைத் தொடும் முடி அந்த நேரத்துக்குத் தானாகக் காயாது. ஈரத்தோடு பின்னி ஜடை அலங்காரம் வைத்தால் பூ அழுகும், தலை நாறும். அதனால் என் அலங்காரப் பெட்டியில் நான் மிகவும் மதிக்கும் பொருள் ஹேர் டிரையர்தான்.

டிரையர் வாங்குபவர்கள் காற்று வரும் வாயைப் பார்க்கிறார்கள். நான் பின்பக்கத்தைப் பார்ப்பேன். உள்ளே மைக்கா தகட்டில் சுற்றிய நிக்ரோம் கம்பி. அதற்குப் பின்னால் சிறு விசிறி. விசிறி பின்பக்க வலை வழியாக இழுக்கும் காற்றுதான் அந்தக் கம்பியை அளவோடு சூடாக வைக்கிறது. நம் பெண்கள் எண்ணெய் வைத்த தலை. அந்தப் பிசுக்கில் துண்டின் பஞ்சும் உதிர்ந்த முடியும் ஒட்டி வலையை அடைத்துவிடும். காற்று குறைந்தால் சூடு உள்ளேயே தங்கும், தீய்ந்த வாடை வரும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் வலையைத் துடைத்தால் போதும். ஓடிக்கொண்டிருந்த டிரையர் தானாக நின்றால் பெரும்பாலும் அது பழுதல்ல. சூடு மிஞ்சியதால் உள்ளிருக்கும் பாதுகாப்பு துண்டித்திருக்கிறது. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு ‘நேராக’ இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். சாம்பிராணித் தணல் பக்கத்தில் இருக்கும்போதும் டிரையரைப் போடாதீர்கள். சாம்பல் உள்ளே போகும். சொந்த முடியின் நுனி பின் வலைக்கு அருகே போகாமல் பிடிப்பதும் முக்கியம்.

முடி கெட்டுவிடும் என்று பயப்படும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்வேன். 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினால், தானாகக் காயவிடுவதைவிடப் பாதிப்பு குறைவு என்று 2011-இல் வெளியான ஒரு கொரிய ஆய்வு கண்டிருக்கிறது. ஒட்டிப் பிடித்தால்தான் வெந்துபோகும்.

அடுத்தது வயர். வேலை முடிந்ததும் கைப்பிடியைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தில் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மிச்ச இழைகள் முழு மின்சாரத்தையும் தாங்கிச் சூடேறும். நான் டிரையரை நன்றாக ஆறவிட்டு, வயரைத் தளர்வாக வளையம் போட்டு, துணிப்பையில் வைக்கிறேன். மலையில் மழைக்காலம் முழுக்க ஈரம் என்பதால் குளியலறை ஆணியில் ஒருநாளும் மாட்டமாட்டேன்.

கல்யாண வீட்டில் சீரியல் விளக்கு ஓடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டிரையரைச் செருகச் சொல்வார்கள். கூடாது. 1000 வாட் டிரையர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். சுவரில் உள்ள சின்ன 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும். சுவிட்சை அணைத்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை உள்ளே மின்சாரம் இருக்கலாம். வாளித் தண்ணீரில் விழுந்தால் தண்ணீருக்குள் கை வைக்காமல் முதலில் மெயினை அணையுங்கள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. வீட்டில் இருப்பது உயிர்க்காப்பு.

கட்டிக்கொடுத்த பெண்கள் வெளிநாடு கிளம்பும்போது கேட்பார்கள், “அக்கா, டிரையர எடுத்துட்டுப் போலாமா?” சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்றால் வோல்ட் நம்முடையதை ஒட்டியதே, மூன்று செவ்வகப் பின் கொண்ட அடாப்டர் போதும். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. அங்கே நம் டிரையர் வெறும் வெதுவெதுப்பாகத்தான் ஊதும். அங்கேயே வாங்குவது நல்லது. இங்கிலாந்துக் குளியலறையில் இருக்கும் ஷேவர் சாக்கெட்டில் டிரையரைச் செருகக் கூடாது. லித்தியம் பேட்டரி வைத்த வயரில்லா டிரையரை விமானத்தில் கொண்டுபோகும் முன் விமான நிறுவனத்திடம் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து திரும்பி வரும்போதுதான். 120 வோல்ட்டுக்குச் செய்ததை இங்கே செருகினால் கிட்டத்தட்ட இரு மடங்கு வோல்ட். சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு. அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைக் குறைக்காது. அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாக வந்த டிரையர் உங்கள் அலமாரியில் இருந்தால் அதன் கைப்பிடியில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். 230 அல்லது 240 என்ற எண் அதில் இல்லையென்றால் செருகாதீர்கள், வேறு யாருக்கும் கொடுத்துவிடவும் வேண்டாம்.