வெற்றுத்தாளும் ஒரு சொல்லும்

எழுத வேண்டும் என்னும் ஆவல் நம்மில் பலருக்கு உண்டு. எழுத அமர்ந்ததும் சொற்கள் ஒளிந்துகொள்வதும் நாம் அறிந்ததே. உள்ளத்தில் தானாக ஊற்றெடுத்தால்தான் எழுத முடியும் என்று எண்ணி, பேனாவை மூடி வைத்துவிடுகிறோம். நாங்களும் அவ்வாறே எண்ணியிருந்தோம், எங்கள் அம்மாவின் முதலாமாண்டு நினைவு நாள் வரும்வரை.

நாங்கள் உடன்பிறந்தோர் மூவர். நினைவுத் திருப்பலியன்று உறவினர்களுக்கு வழங்க ஒரு சிறிய மலர் அச்சிட விரும்பினோம். வீட்டைப் பங்கிடுவதில் எழுந்த மனத்தாங்கலால் எங்களில் மூத்தவரும் இளையவரும் முகம் கொடுத்துப் பேசாதிருந்த காலம் அது. ஆகவே ஆளுக்கொரு பக்கம் தனித்தனியே எழுதிச் சித்தியிடம் ஒப்படைப்பதென முடிவாயிற்று. சித்தி பல்லாண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். மூன்று தாள்களையும் படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதில் என் அக்காவைக் காணோமே! அன்பின் உறைவிடம், பொறுமையின் சிகரம், தியாகச் சுடர்... பெயரை மாற்றினால் எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்துமே, பிள்ளைகளே" என்றார்.

தலைகுனிந்தோம். சற்று நேரம் கழித்து அவரே வழியும் சொன்னார். "அம்மாவைப் பற்றி எழுத வேண்டாம். அவள் கையிலிருந்த செபமாலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். பதினைந்து வரிகள் போதும். அன்பு, தியாகம் என்ற சொற்கள் வரவே கூடாது."

அடுத்த ஞாயிறு மாலை, சித்தி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எழுதியவற்றை ஒவ்வொருவராகப் படித்தோம். மின்சாரம் நின்றுபோன இரவுகளில், இருளில் மணிகள் உரசும் ஓசையைக் கேட்டே உறங்கிப்போனதை மூத்தவர் எழுதியிருந்தார். மூன்றாம் பத்தில் ஒரு மணி இல்லாமல், அவ்விடத்தில் வெறும் நூல் முடிச்சு இருந்ததை நடுவில் பிறந்தவர் எழுதியிருந்தார். அந்த முடிச்சை விரல் தொடும்போதெல்லாம், வெளியூரில் இருந்த மூத்த பிள்ளையின் பெயரை அம்மா மெல்லச் சொல்வாராம். அந்த மணி எப்படித் தொலைந்தது என்பதை இளையவர் எழுதியிருந்தார். அண்ணன் விடுதிப் பள்ளிக்குப் புறப்பட்ட காலையில், "நானும் அண்ணனோடு போவேன்" என்று அழுது புரண்டு, தடுத்த அம்மாவின் கையிலிருந்த மாலையைப் பற்றி இழுத்து அறுத்தவர் அவரே.

படித்து முடித்தபோது எவரும் பேசவில்லை. பின்னர் மூத்தவர், "அன்றைக்கு நீ அதற்காகவா அழுதாய், தம்பி?" என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பின் அவர் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் சொற்கள் அவை. வீட்டுப் பங்கு அன்றே தீர்ந்துவிடவில்லை. ஆனால் தீர்க்க வேண்டியவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

இந்நினைவுகள் அனைத்தும் முன்பே எங்களுக்குள் இருந்தவை. முதல் தாளில் அவை ஏன் வரவில்லை? 'அம்மா' என்பது கடல் போன்ற பொருள். அதன்முன் நின்ற நாங்கள், ஊரார் கையாண்டு தேய்ந்த சொற்களையே கடன் வாங்கினோம். செபமாலையோ கைக்குள் அடங்குவது. அதைப் பற்றி எழுதக் கடன் சொற்கள் உதவவில்லை. கண்டதையும் கேட்டதையும்தான் எழுத வேண்டியிருந்தது.

ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர்களிடையே வழங்கிய பழைய முறை. காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் பல அவ்வாறு பிறந்தவை என்பர். முடிவு முன்பே குறிக்கப்பட்டதால் புலவரின் கற்பனை சுருங்கிவிடவில்லை. கரை கட்டிய வாய்க்கால் நீரைப்போல விரைந்து ஓடியது.

நம் ஆண்டவரின் உவமைகளையும் எண்ணிப் பார்ப்போம். தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் ஒருவர் கேட்டதற்கு விடையாகவே நல்ல சமாரியர் உவமை கூறப்பட்டது. பாவிகளோடு உணவருந்துகிறார் என்ற முணுமுணுப்பே காணாமற்போன மகனின் உவமைக்கு வாயில் திறந்தது. எதிரில் நின்றவரின் கேள்வியையும் குறையையும்கூட இயேசு வீணாக்கவில்லை.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா தாமாக நூல் எழுத முனைந்தவர் அல்லர். லிசியே கார்மேல் மடத்தில், 1894ஆம் ஆண்டின் இறுதியில், தம் இளமை நினைவுகளைச் சகோதரியரிடம் பகிர்ந்துகொண்டார். அவற்றை எழுதச் செய்யுமாறு மூத்தவரான மரி வேண்ட, அப்போது மடத்தலைவியாக இருந்த மற்றொரு சகோதரி பவுலின் அவ்வாறே பணித்தார். கீழ்ப்படிதலுக்காகத் தெரேசா பள்ளிக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். பின்னர் எழுதிய பகுதிகளும் மற்றவர் கேட்டதால் பிறந்தவையே. 1897இல், 24ஆம் வயதில் அவர் இறந்தார். மறு ஆண்டே அவை நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவின. 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். இளமையை எழுது என்ற ஒரு சொல், எத்தனை ஆன்மாக்களுக்கு உணவாயிற்று!

எனவே, எழுதத் தெரியாது என்று தயங்கும் அன்பர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். அன்பியக் கூட்டத்திலோ மறைக்கல்வி வகுப்பிலோ 'இறைவனின் இரக்கம்' என்று பெருந்தலைப்புக் கொடுக்காதீர்கள். 'எங்கள் வீட்டு வாசற்படி', 'நான் திருப்பித் தராத பொருள்', 'அப்பா கடைசியாக அணிந்த செருப்பு' என்பன போன்றவற்றைக் கொடுங்கள். வரிகளுக்கு ஓர் எல்லை வையுங்கள். புகழ்ச்சொற்களை விலக்கச் சொல்லுங்கள். எழுதியதைக் கேட்க ஒருவர் பொறுமையோடு அமர்ந்திருக்கட்டும். எழுத்து, கொடுத்த பொருளை விட்டு வேறெங்கேனும் சென்றால் தடுக்க வேண்டாம். வாசலைக் கடந்தபின் வீட்டுக்குள்தானே செல்ல வேண்டும்!

அம்மாவின் செபமாலை இன்று சித்தியிடம் இருக்கிறது. விடுபட்ட மணிக்குப் பதில் புது மணி கோத்துத் தருவதாக ஒருவர் சொன்னபோது, மூவரும் ஒருமித்து வேண்டாமென்றோம். அந்த முடிச்சு எங்களை ஒரு திண்ணையில் அமர்த்தியது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கக்கூடும். இன்றிரவு அதைத் தேடி எடுத்து, பதினைந்து வரிகள் எழுதிப் பார்க்கலாகாதா?