கூசாமல் சொல்லுங்கள்
(வடகடல் ஓரமாக: பயணத் தொடர், பகுதி 4)

நெதர்லாந்தின் லைடன் நகரில் எங்களுக்கு மாடி வீட்டை வாடகைக்குக் கொடுத்த அம்மாள், வந்து தங்குகிறவர்களுக்கென்றே நான்கு பக்கம் தட்டச்சு செய்து சமையல்மேடைக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். வரவேற்பு முதல் வரியோடு முடிந்துவிடும். இரண்டாம் வரியிலிருந்து காரியம்தான். இரவு பத்து மணிக்கு மேல் மாடிப்படியில் பேச வேண்டாம். சிவப்புத் தரை சைக்கிளுக்கு உரியது, அதில் நின்று படம் எடுக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் நன்றாக இருக்கிறது, கடையில் தண்ணீர் வாங்குவது வீண் செலவு. காலி பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். சின்னதற்கு 15 செண்ட், பெரியதற்கு 25 செண்ட் சூப்பர் மார்க்கெட் இயந்திரம் திருப்பித் தரும். ரயில் ஏறும்போது வங்கி அட்டையைக் கம்பத்தில் தொட்டால் போதும், சீட்டு வேண்டாம். இறங்கும்போதும் அதே அட்டையைத் தொட மறந்தால் பணம் போகும், பிறகு என்னிடம் வந்து புலம்ப வேண்டாம்.

"அக்கா, இந்தம்மா டீச்சரா இருந்திருப்பாங்க" என்றாள் தங்கை. ஆமாம், வேதியியல் ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர். அந்த வயதிலும் காலையில் சைக்கிளில் போய் ரொட்டி வாங்கி வருகிறார். வீட்டுப் படியில் எங்களைவிட வேகமாக ஏறுகிறார். அந்தப் படியைப் பற்றியும் தாளில் ஒரு வரி உண்டு: பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். கால்வாய் ஓரத்து மனைகள் குறுகலானவை. ஆகவே வீடுகளும் ஒல்லியாக உயர்ந்து நிற்கின்றன, படிகள் ஏணியைப் போல் செங்குத்தாகிவிட்டன. பீரோ, கட்டில் எல்லாம் படி வழியே போகாது. முகப்பின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரத்தில் கயிறு கட்டி ஜன்னல் வழியாகத்தான் ஏற்றுவார்கள். எங்கள் பெட்டிகளை அவர் கீழ்த்தளத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டிய துணியை மட்டும் எடுத்துப் போகச் சொன்னார். நல்ல ஏற்பாடு. மற்ற ஊர்களில் எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் சாவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முகத்தையே காட்டவில்லை.

இந்தப் பகுதி முழுவதும் அந்த அம்மாளைப் பற்றித்தான். ஆனைமங்கலச் செப்பேடுகளைப் பற்றிக் கேட்டு எழுதிய வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ராஜராஜன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்த கதையும், அந்தச் செப்பேடுகள் 19ஆம் நூற்றாண்டில் லைடன் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்த கதையும் அரைப் பக்கத்தில் அடங்காது. அதற்கு அடுத்த பகுதி.

வந்த அன்றே ஒரு கால்வாயோர உணவகத்தில் சாப்பிட்டோம். மேஜைகளைத் தண்ணீர்மேல் மிதக்கும் தளத்தில் போட்டிருந்தார்கள். வெயில் இதமாக இருந்தது. தங்கைக்கு ஆப்பிள் வைத்துச் சுட்ட பான்கேக், எனக்கு மாவில் தோய்த்துப் பொரித்த மீன் துண்டுகள். குழாய்த் தண்ணீர் கேட்டோம். கண்ணாடிப் பாட்டில் வந்தது. நாங்கள் கேட்காத ரொட்டிக் கூடை ஒன்றும் வெண்ணெயோடு வந்து உட்கார்ந்தது. பில்லில் இரண்டுக்கும் விலை போட்டிருந்தார்கள், சேர்த்து 13 யூரோவுக்கு மேல். ரொட்டியை நாங்கள் தொடவே இல்லை. வெளிநாட்டில் எதற்கு வம்பு என்று கட்டிவிட்டு வந்தோம். வயிறு எரிந்தது.

வீட்டுக்கார அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னோம். பில்லை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "போய்ச் சொல்லுங்கள்" என்றார்.

"நாளைக்குப் போகிறோம்" என்றேன்.

"நாளைக்கு வேறு ஆள் இருப்பார். இப்போதே போங்கள். சத்தம் போட வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். இது நாங்கள் கேட்டதில்லை என்று மட்டும் சொல்லுங்கள்."

தங்கைக்கு விருப்பமே இல்லை. "சாப்பிட்டு, காசும் கொடுத்துட்டு வந்தப்புறம் போய்க் கேக்குறது அசிங்கம் அக்கா." எனக்கும் உள்ளூர அப்படித்தான் இருந்தது. நம் ஊரில் இப்படித் திரும்பிப் போனால் முதலில் கல்லாக்காரர் முறைப்பார், பிறகு குரல் உயரும், பக்கத்து மேஜைக்காரர் நியாயம் சொல்ல வருவார், பதின்மூன்று ரூபாய்க்காக மானம் போயிற்று என்று வீடு வந்து சேருவோம். அதற்கெல்லாம் மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டுதான் நடந்தேன். கல்லாவில் நின்ற இளைஞனிடம் பில்லை நீட்டி, அம்மாள் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அவன் பில்லைப் பார்த்தான். "சரி" என்றான். அட்டையை வாங்கித் தட்டினான், பணம் திரும்பி வந்தது. முறைப்பும் இல்லை, குழைவும் இல்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்து நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவன் தெரிந்தே போட்ட கணக்கா, கைப்பிசகா, அது எனக்குத் தெரியாது. தண்ணீருக்குக் காசு வாங்குவதை நான் எந்த ஊரிலும் ஏற்கமாட்டேன். ஆனால் எதிரில் இருப்பவரிடம் "இது சரியில்லை" என்று சொல்வது இங்கே சண்டை இல்லை. அது சாதாரணப் பேச்சு. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் மறுநாள் பகை இல்லை. தாளின் கடைசிப் பக்கத்தில் அம்மாள் இதைத்தான் எழுதியிருந்தார்: வீட்டில் ஏதாவது குறை இருந்தால் கூசாமல் என்னிடம் சொல்லுங்கள், ஊருக்குப் போன பிறகு எழுதாதீர்கள்.

மறுநாள் அவர் எழுதியபடியே தள்ளக்கூடிய கதவுகளைத் தேடிப் போனோம். லைடனில் ஹோஃப்யே என்ற முற்றத்துக் குடியிருப்புகள் 35 இருக்கின்றன. வசதியுள்ள வணிகர்களும் தனியாட்களும் சொத்தை எழுதிவைத்து, ஏழை முதியவர்கள், பெரும்பாலும் பெண்கள், வாடகையில்லாமல் குடியிருக்கக் கட்டியவை. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரணக் கதவு, பூட்டியது போலவே இருக்கும். தள்ளினால் ஒரு இடைகழி. அதைத் தாண்டினால் நடுவில் புல்வெளி, பழைய அடிகுழாய், ரோஜாச் செடிகள், சுற்றிலும் சின்னச் சின்ன வீடுகள். தெருச் சத்தம் அப்படியே நின்றுவிடுகிறது. பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் ஷான் பெசைன் ஹோஃப்யே 1683இல் கட்டியது. அதற்கு முன் அந்த இடத்தில்தான் ஜான் ராபின்சன் என்ற ஆங்கிலப் போதகர் வாழ்ந்தார். இங்கிலாந்துத் திருச்சபையோடு ஒத்துப்போகாமல் 1609இல் லைடனுக்கு வந்த கூட்டம் அவருடையது. அதில் ஒரு பகுதியினர் 1620இல் புறப்பட்டுப் போய் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா சேர்ந்தார்கள். ராபின்சன் போகவில்லை. 1625இல் இங்கேயே இறந்து எதிர்ச் சாரித் தேவாலயத்தில் அடக்கமானார்.

முற்றங்களில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதனால்தான் அம்மாள் தாளில் இந்த இடத்துக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருந்தார்: பகலில் போங்கள், மெதுவாகப் பேசுங்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். ஒரு முற்றத்தில் வயதான பெண்மணி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையசைத்தார், நாங்களும் தலையசைத்தோம், அவ்வளவுதான். நானூறு ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஒருவர் தர்மத்துக்கு எழுதிவைத்த இடத்தில் இன்னும் ஆட்கள் குடியிருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. நம் பக்கத்தில் எத்தனை சத்திரங்கள் வாரிசுச் சண்டையில் பாழாகிக் கிடக்கின்றன!

புதனும் சனியும் நியூவ ரைன் கால்வாயின் இரு கரையிலும் சந்தை. சனிக்கிழமை அம்மாளே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் மீன் கடை. உப்பில் பதப்படுத்திய ஹெரிங் மீனைச் சமைக்காமல், நறுக்கிய வெங்காயத்தோடு தருகிறார்கள். நான் சாப்பிட்டேன், வழுவழுப்பும் மெல்லிய உப்புமாக நன்றாகத்தான் இருந்தது. தங்கை சைவம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹெரிங்கைப் பிடித்தபடியே அம்மாள் ஊர்க் கதையைச் சொன்னார். 1573, 1574இல் ஸ்பானியப் படை லைடனை வளைத்துக்கொண்டது. உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோயின. மீட்க வேறு வழி தெரியாமல் டச்சுக்காரர்கள் தங்கள் கரைகளைத் தாங்களே வெட்டிவிட்டார்கள். விளைநிலங்களில் தண்ணீர் ஏறியது. காற்று துணை செய்ய, அந்தத் தண்ணீரில் படகுகள் 1574 அக்டோபர் 3இல் ஊருக்குள் வந்து ஹெரிங்கும் வெள்ளை ரொட்டியும் கொடுத்தன. இன்றும் அந்தத் தேதியில் ஊரார் வரிசையில் நின்று அவை இரண்டையும் வாங்குகிறார்கள். மறு வருடம் 1575இல் பல்கலைக்கழகம் பிறந்தது. தாக்குப்பிடித்ததற்கு டச்சுக் கிளர்ச்சித் தலைவர் வில்லியம் ஆஃப் ஆரஞ்சு கொடுத்த வெகுமதி என்கிறார்கள். சொந்த வயலை மூழ்கடித்து ஊரைக் காப்பாற்றியதைச் சொல்லும்போது அம்மாளின் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. இத்தனைக்கும் அவர் உணர்ச்சியைக் காட்டும் ஆள் இல்லை.

அடுத்தது பாலாடைக்கட்டிக் கடை. இதற்குத்தான் நான் லைடனுக்கு மறுபடி போவேன். செம்பழுப்புத் தோல்மேல் குறுக்காக வைத்த இரண்டு சாவிகளின் முத்திரை. அது ஊரின் சின்னம். கடைக்காரர் கம்பியால் அறுத்து ஒரு சீவலை நீட்டினார். வாயில் போட்டதும் தங்கை என் கையைப் பிடித்தாள். சீரகம்! முழுச் சீரகம், கட்டி முழுக்க விரவிக் கிடக்கிறது. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வெண்ணெய்க்காக ஆடையை எடுத்த பிறகு மிஞ்சும் பாலில் செய்வதால் இது மற்ற டச்சுக் கட்டிகளைவிடக் கெட்டி. கொழுப்பு குறைவு, மெல்ல மெல்லத்தான் இளகும். அந்தக் கடிப்புக்கு நடுவே ஒரு சீரகம் பல்லில் படும்போது வரும் வாசனை இருக்கிறதே! இந்த நாட்டு மதிய உணவு எனக்குப் பிடிக்கவில்லை, தினமும் குளிர்ந்த ரொட்டி. அடுப்பு பற்ற வைப்பதே இல்லை. ஆனால் ரை ரொட்டிமேல் இந்தக் கட்டியும் கொஞ்சம் கடுகு விழுதும் வைத்துச் சந்தைப் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்தபடி சாப்பிட்டோமே, அதற்கு ஈடு இந்தப் பயணத்தில் இதுவரை இல்லை.

பாதிக் கட்டியை அவரும் பாதியை நாங்களும் வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் "உங்கள் பங்கு 8 யூரோ 35 செண்ட்" என்றார். மனம் சுருங்கிவிட்டது. நம் வீட்டுக்கு வந்தவரிடம் கால் கிலோ பண்டத்துக்கு நாம் கணக்குச் சொல்வோமா? அன்றே கொடுத்தும்விட்டேன். இரண்டு நாள் யோசித்தும் இந்த வழக்கத்தை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. வயதில் மூத்தவர், எங்களுக்காக அரை நாளைக் கணக்கில்லாமல் கொடுத்தவர், 35 செண்டை விடவில்லை. நேரத்தில் தாராளம், காசில் கறார். நமக்குப் பெரும்பாலும் நேர்மாறு.

மழை பிடித்துக்கொண்டது. மழை நாளுக்கும் தாளில் ஒரு வரி: தொல்பொருள் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் டாஃபே என்ற எகிப்தியக் கோயில் முழுதாக நிற்கிறது, போய்ப் பாருங்கள். அஸ்வான் அணையில் மூழ்க இருந்த நூபியக் கோயில்களைக் காப்பாற்ற உதவியதற்காக எகிப்து கொடுத்த பரிசு அது. பார்த்தோம். காற்றாலை பார்த்தோம், சுவர்களில் பல மொழிகளில் எழுதிவைத்திருக்கும் கவிதைகளைப் பார்த்தோம், செருப்பு நனைந்தது. மற்ற அருங்காட்சியகங்களை வரிசையாக எழுத எனக்கு விருப்பமில்லை.

எழுத வேண்டியது கழிப்பறை. ஊர் அவ்வளவு சுத்தம், கால்வாயில் ஒரு காகிதம் மிதக்கவில்லை, ஆனால் ஒரு பெண் அவசரத்துக்கு எங்கே போவாள்? பொதுக் கழிப்பறை அரிது. ரயில் நிலையத்தில் காசு. ஆம்ஸ்டர்டாமில் ஆண்களுக்குத் தெருவோரத்திலேயே இரும்பு மறைப்புகள் இருக்கின்றன. அங்கே 2015இல் இரவில் வழியில்லாமல் தெருவில் ஒதுங்கிய ஒரு பெண்ணுக்கு அபராதம் போட்டார்கள். 2017இல் வழக்கு வந்தபோது, ஆண்களுக்கானதை நீங்களும் பயன்படுத்தியிருக்கலாமே என்றார் நீதிபதி. பெண்கள் கொதித்தெழுந்தார்கள். நியாயமான கொதிப்பு. எங்கள் அம்மாளின் தாளில் எந்த எந்த இடத்தில் காசில்லாமல் போகலாம் என்று தெருவாரியாக எழுதியிருந்ததை நான் அவருடைய பெரிய உபகாரமாக நினைக்கிறேன்.

புறப்படுவதற்கு முந்தின இரவு அவர் மேலே வந்தார். ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். "குறை என்ன, சொல்லுங்கள்" என்றார்.

நான் எல்லாம் நன்றாக இருந்தது என்று ஆரம்பித்தேன். தங்கை குறுக்கே வந்தாள். "கழிப்பறையில் தண்ணீர் இல்லை" என்றாள் ஆங்கிலத்தில்.

"கைகழுவக் குழாய் இருக்கிறதே?"

"கைக்கு இருக்கிறது. கழுவுவதற்கு இல்லை. எங்களுக்குக் காகிதம் போதாது. ஒரு பாத்திரம் வேண்டும்."

என் முகம் சூடேறியது. அம்மாள் முகத்தில் மாற்றமே இல்லை. "எத்தனை லிட்டர்?" என்று கேட்டார்.

"ஒரு லிட்டர். கைப்பிடி வேண்டும். மூக்கு இருந்தால் நல்லது."

சற்று யோசித்தார். கீழே இறங்கிப் போய், ஜன்னல் செடிகளுக்கு ஊற்றும் சின்னப் பூவாளியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இது சரியா?"

தங்கை கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். "அளவு சரி. இந்தத் தூவும் மூடியைக் கழற்றிவிட வேண்டும்" என்றாள்.

அம்மாள் அதை அங்கேயே திருகிக் கழற்றினார்.

(தொடரும்)