பஸ் சார்ஜ் எந்தக் கணக்கில் வரும்?

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் ஆஸ்பத்திரிக் கணக்கு ஒன்று வரும். ஒரு நோயாளிக்கு ஒரு நாளைக்கு என்ன செலவு என்று போட வேண்டும். டாக்டர் சம்பளம், மருந்து, கரண்ட், சலவை எல்லாம் கொடுத்திருப்பார்கள். நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த செலவு மட்டும் எந்த வருடக் கேள்வித்தாளிலும் இருக்காது!

குமாரலிங்கபுரத்தில் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது எட்டு, எடை 20 கிலோ. அவன் உடம்பு பிறவியிலேயே நோயெதிர்ப்புப் புரதத்தைச் சுரக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலினை வெளியிலிருந்துதான் ஏற்ற வேண்டும். கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், அதாவது 8 முதல் 12 கிராம். ஏற்றியதில் பாதி சுமார் மூன்று வாரத்தில் கரைந்துவிடும். அதனால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. தள்ளிப்போனால் நிமோனியா வரலாம்.

நம் நாட்டில் பெரும்பாலும் நரம்பு வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். அருப்புக்கோட்டை வந்து, அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 50 கிலோமீட்டர் போல. டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் கிடையாது, சரி. மதுரை பஸ்ஸில்? ஏற்றி முடிக்கச் சில மணி நேரம். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு, பையனுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் போச்சு.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஸ்வீடனில் 1990களின் தொடக்கத்திலேயே தோலுக்கடியில் ஏற்றும் முறையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ஆன் கார்டுல்ஃப் என்கிற நர்ஸ். வாரம் ஒருமுறை, சின்ன பம்ப், வயிற்றிலோ தொடையிலோ மெல்லிய ஊசி. முதல் சில தடவை ஆஸ்பத்திரியில் நர்ஸ் பக்கத்தில் இருந்து கற்றுக்கொடுப்பார். கை பழகியபிறகு வீட்டில்.

'அதெல்லாம் ஸ்வீடன், இங்கே நடக்குமா?' என்பீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கு வயிற்று வழி டயாலிசிஸ் பைகளும் வீட்டுக்கே வருகின்றன. கையைச் சுத்தமாகக் கழுவி, கிருமி படாமல் பையை மாட்டி, நோட்டில் எழுதிவைக்கும் வேலையை வீட்டு ஆட்களே செய்கிறார்கள். அதைவிட இந்த ஊசி கஷ்டம் என்று சொல்லிவிட முடியாது.

கஷ்டம் வேறு இடத்தில். பெரும்பாலான இம்யூனோகுளோபுலின் பாட்டில்களை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. வீட்டில் பிரிட்ஜ் இல்லையென்றால்? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் பெட்டி இருக்கிறது, அங்கே வைத்து வாரம் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். பம்ப், ஊசி, பாட்டில் வரும் வண்டி எல்லாம் ஆஸ்பத்திரி பட்ஜெட்டில் வர வேண்டும். இல்லாவிட்டால் நடப்பது என்ன? ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டில் மிச்சம், நர்ஸ் வேலை மிச்சம். அந்த வேலை அப்படியே அம்மா தலையில், அதுவும் சம்பளமில்லாமல். ஆஸ்பத்திரிக் கணக்கில் 'சேமிப்பு' என்று எழுதிக்கொள்வார்கள்.

இன்னொன்று, போன் நம்பர். சனிக்கிழமை ராத்திரி ஊசி போட்ட இடம் தாண்டி உடம்பெல்லாம் தடித்து, பையனுக்கு மூச்சு வாங்கினால் முதலில் 108. அடுத்து, அவன் பெயரைச் சொன்னதும் இன்னார் என்று தெரிகிற ஒரு நர்ஸ் எடுக்க வேண்டும். பம்ப் வாங்குவதற்கு முன்னால் அந்த நர்ஸுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும்.